பனி இல்லாத மலையில் பறந்த சிறுமி

கூலிம் ஹைடெக் பூங்காவின் வாசலில் காலை ஆறரை மணிக்கு நின்று பார்த்திருக்கிறீர்களா? தொழிற்சாலை பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். பாடாங் செராய், லூனாஸ், மாஹாங், காராங்கான் என்று நாலா பக்கமிருந்தும் நம் வீட்டுப் பிள்ளைகள் வந்து இறங்குவார்கள். இரவு வேலை முடித்தவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு அதே பஸ்ஸில் ஏறுவார்கள். 1996ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இந்தப் பூங்காதான் நம் நாட்டின் முதல் உயர் தொழில்நுட்பப் பூங்கா. பால்வெட்டும் செம்பனையும்தான் வாழ்க்கை என்றிருந்த நம் தோட்டத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு இன்று அடுப்பெரிவது இங்கே வாங்கும் சம்பளத்தில்தான்.

இந்தப் பூங்காவுக்கும், ஐரோப்பாவின் மலைகளுக்கு நடுவே மனிதர்கள் பறவையைப்போல் பறக்கும் ஒரு மைதானத்துக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். தொடர்பு உண்டு. எங்கள் தோட்டத்துப் பெண் ஒருத்திதான் அந்தத் தொடர்பு.

வில்லாக்கிலிருந்து வந்த அழைப்பு

ஜெர்மனியைச் சேர்ந்த இன்ஃபினியன் நிறுவனம் 2006ஆம் ஆண்டில் கூலிமில் தொழிற்சாலை திறந்தது. மின்னணுச் சில்லுகள் அங்கே தயாராகின்றன. அதே நிறுவனத்தின் ஆஸ்திரியக் கிளைக்குத் தலைமையகம் வில்லாக் என்ற மலை சூழ்ந்த ஊரில் இருக்கிறது. கூலிமில் பொறியியலாளராக வேலை செய்யும் என் பழைய மாணவி ஒருத்தியைச் சில மாதப் பயிற்சிக்காக அங்கே அனுப்பினார்கள். முதலாம் ஆண்டில் அவளுக்கு 'அ'னா 'ஆ'வன்னா எழுதிக் கொடுத்தவன் நான்.

"சார், பள்ளி விடுமுறைக்கு இங்கே வந்துவிட்டுப் போங்கள். தங்குவதற்கு இடம் இருக்கிறது. பாதி டிக்கெட் என்னுடையது" என்று தொலைபேசியில் சொன்னாள். ஐம்பதை நெருங்கும் வயதில், சிங்கப்பூரையும் தமிழ்நாட்டையும் தவிர வேறெங்கும் போகாத எனக்கு முதலில் தயக்கம்தான். வீட்டுக்காரி, "பிள்ளை கூப்பிடுகிறாள், போய்விட்டு வாருங்கள்" என்றதும் சேமிப்பில் கை வைத்தேன்.

வியன்னாவில் விமானம் இறங்கி, அங்கிருந்து ரயிலில் நான்கு மணி நேரத்துக்கும் மேல் பயணம் செய்து வில்லாக் போய்ச் சேர்ந்தேன். ஜூன் மாதம். பனியைப் பார்க்கலாம் என்று ஆசையோடு போனவனுக்கு, தூரத்து மலைகளின் தலையில் மட்டும் கொஞ்சம் வெள்ளை தெரிந்தது. ஊரெல்லாம் பச்சை.

"பனி இல்லாவிட்டால் என்ன சார்? ஞாயிற்றுக்கிழமை உங்களை ஓர் இடத்துக்கு அழைத்துப் போகிறேன்" என்றாள்.

மலைக்கு அந்தப் பக்கம்

அவளோடு வேலை செய்யும் ஆஸ்திரியப் பெண்மணி ஒருவர் தம் காரிலேயே எங்களை அழைத்துப் போனார். செங்குத்தான மலைச்சாலையில் ஏறி இறங்கினால் வேறொரு நாடு, ஸ்லோவேனியா. எல்லையில் காவலரும் இல்லை, கடப்பிதழில் முத்திரையும் இல்லை. கிரான்ஸ்கா கோரா என்ற அழகிய உல்லாச ஊரை ஒட்டினாற்போல் ஒரு பள்ளத்தாக்கு. அதன் பெயர் பிளானிட்சா.

பள்ளத்தாக்கின் ஒரு பக்க மலைச்சரிவில், மேலிருந்து கீழாக இராட்சதச் சறுக்குமரங்களை அடுக்கி வைத்ததுபோல் பல மேடைகள் தெரிந்தன. இவைதாம் 'ஸ்கி ஜம்பிங்' என்னும் பனிச்சறுக்குத் தாண்டல் நடக்கும் மேடைகள். தள்ளி நின்ற ஒன்று, மற்றவற்றையெல்லாம் குழந்தைகளாக்கிவிட்டு மலைமேல் நீண்டு கிடந்தது. அதற்கு லெடால்னிட்சா என்று பெயர். உச்சிக்கும் அடிவாரத்துக்கும் ஏறக்குறைய 200 மீட்டர் உயர வேறுபாடு. பினாங்கு கொம்தார் கட்டடத்தை மலையில் சாய்த்து வைத்தால் எப்படி இருக்குமோ, அப்படி எண்ணிக்கொள்ளுங்கள்.

தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளைத் தைப்பூசத்துக்கு ஏறுகிறவன் நான். அந்தத் தைரியத்தில், மேடையின் பக்கவாட்டுப் படிகளில் ஏறத் தொடங்கினேன். பாதிக்கு மேல் முழங்கால் கெஞ்சியது. கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். கீழே நின்ற கார்கள் தீப்பெட்டிகளாகத் தெரிந்தன. உடம்பு ஒருமுறை சிலிர்த்து அடங்கியது.

"பயமாக இருக்கிறதா சார்?"

"இல்லையம்மா, மூச்சு வாங்குகிறது" என்றேன். இரண்டும்தான் உண்மை.

பறப்பது எப்படி?

இந்த விளையாட்டு நடக்கும் விதத்தை அந்தப் பெண்மணி விளக்க விளக்க, என் மாணவி தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள்.

உச்சியில் குறுக்கே ஒரு கட்டை இருக்கிறது. வீரர் அதில் உட்கார்ந்திருப்பார். காலில் ஆளைவிட நீளமான இரண்டு பனிச்சறுக்குப் பலகைகள். பச்சை விளக்கு எரிந்ததும், கீழே மேடையோரம் நிற்கும் பயிற்சியாளர் காற்றின் போக்கைப் பார்த்துக் கொடியை அசைப்பார். உடனே வீரர் கட்டையை விட்டுச் சறுக்குவார். இந்தப் பெரிய மேடையில் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டரையும் தாண்டும். மேடையின் விளிம்பில் எம்பி, உடம்பை முன்னால் சாய்த்துக் காற்றின் மேல் படுத்துவிடுவார். பலகைகள் இரண்டும் முன்புறம் விரிந்து, ஆங்கில 'வி' எழுத்தைப்போல் நிற்கும். அடியில் வரும் காற்று அவரைத் தாங்குகிறது.

இந்த 'வி' வடிவத்துக்கும் ஒரு கதை உண்டு. 1980களில் யான் போக்லவ் என்ற சுவீடன் நாட்டு வீரர் இப்படித் தாண்டியபோது, "பார்க்க அழகாக இல்லை" என்று நடுவர்கள் அவருக்கு மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். அவர் பாணியை மாற்றிக்கொள்ளவில்லை. மற்றவர்களைவிட அதிகத் தூரம் பறந்து, 1988–89 பருவத்தில் உலகக் கோப்பையையே வென்றார். சில ஆண்டுகளில் எல்லோரும் அவரைப் பின்பற்றத் தொடங்கிவிட்டார்கள். இன்று அந்தப் பாணியில் தாண்டாதவர் இல்லை.

அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தால் எலும்பு மிஞ்சுமா என்று கேட்டேன். அப்போதுதான் ஓர் உண்மை புரிந்தது. தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு வீரர் வானத்தில் பறப்பதுபோல் தெரிகிறது. உண்மையில் அவர் தரையிலிருந்து சில மீட்டர் உயரத்தில்தான் எப்போதும் இருக்கிறார். அவர் இறங்க இறங்க, மலைச்சரிவும் அவரோடு சேர்ந்தே இறங்குகிறது. அந்தச் சரிவை அப்படிக் கணக்குப் போட்டுக் கட்டியிருக்கிறார்கள். சமதரையில் விழுந்தால் உடம்பு நொறுங்கும். சரிவில் இறங்குவதால் வழுக்கிக்கொண்டு போய் நின்றுவிடுகிறார். வீரரின் துணிச்சல் ஒரு பாதி. மண்ணைச் செதுக்கி வைத்தவரின் பொறுப்பு மறு பாதி.

உலகிலேயே முதன்முதலாக 100 மீட்டருக்கு மேல் ஒருவர் தாண்டியது இந்தப் பிளானிட்சாவில்தான். 1936ஆம் ஆண்டில் செப் பிராடல் என்ற 18 வயது ஆஸ்திரிய இளைஞர் அதைச் செய்தார். 200 மீட்டரைத் தாண்டி ஒருவர் சரியாக இறங்கியதும் இங்கேதான். 1994ஆம் ஆண்டில் பின்லாந்தின் டோனி நியமினன். 2025 மார்ச் மாதத்தில் ஸ்லோவேனியாவின் டோமன் பிரெவ்ட்ஸ் இதே இடத்தில் 254.5 மீட்டர் பறந்து உலகச் சாதனை படைத்தார். இரண்டு காற்பந்துத் திடல்களை நீளவாக்கில் சேர்த்து வைத்தாலும் அந்தத் தூரத்துக்குப் போதாது.

சின்ன மேடையில் ஒரு சிறுமி

இறங்கி வந்தபோது, சிறிய மேடை ஒன்றின் பக்கம் பிள்ளைகளின் கூச்சல் கேட்டது. போய்ப் பார்த்தோம். பனி ஒரு துளியும் இல்லை. ஆனால் பிள்ளைகள் தாண்டிக்கொண்டிருந்தார்கள்!

சரிவெங்கும் பச்சை நிறத்தில், கூரைக்குக் கீற்று வேய்ந்ததுபோல் பிளாஸ்டிக் இழைகளை அடுக்கி விரித்திருந்தார்கள். அதன்மேல் தண்ணீர் தெளித்தால் பனியைப்போலவே வழுக்குகிறது. கிழக்கு ஜெர்மனியில் ஹான்ஸ் ரென்னர் என்ற பயிற்சியாளர் 1954ஆம் ஆண்டில் கண்டுபிடித்த வழி இது. பனிக்காலம் வரும்வரை காத்திராமல் கோடையிலும் பழகலாம் அல்லவா?

வரிசையில் ஒரு சிறுமி நின்றாள். ஒன்பது வயது இருக்கலாம். தலைக்கவசம் அவள் தலையைவிடப் பெரியதாக இருந்தது. தன்னைவிட நீளமான பலகைகளைத் தோளில் சுமந்துகொண்டு படியேறினாள். கட்டையில் உட்கார்ந்தாள். கீழே பயிற்சியாளர் கையை உயர்த்தினார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். காற்று அடங்கும்வரை அவர் கையை இறக்கவில்லை. எனக்கு அந்தச் சில விநாடிகள் நீண்ட நேரமாகத் தோன்றின. பிறகு கை இறங்கியது. சிறுமி சறுக்கி, எம்பி, பறந்து, கீழே வந்து நின்றாள். நம் பள்ளிக்கூடத்து வகுப்பறை இரண்டின் நீளம் இருக்கும். அவள் தாயார் கைகூடத் தட்டவில்லை. தண்ணீர்ப் புட்டியை நீட்டினார், அவ்வளவுதான். அவர்களுக்கு அது அன்றாடம்.

"இங்கே யாரும் நேராகப் பெரிய மேடைக்குப் போவதில்லை" என்றார் அந்தப் பெண்மணி. ஐந்தாறு வயதில் முழங்கால் உயர மேட்டில் தொடங்குவார்களாம். அது பழகியதும் அடுத்தது. அது பழகியதும் அதற்கடுத்தது. உலகச் சாதனை படைத்த டோமனும் இப்படித்தான் வளர்ந்தார். அவர் குடும்பத்தில் ஐந்து பிள்ளைகள். மூத்தவர் பீட்டர், 2015ஆம் ஆண்டில் நார்வேயின் விக்கர்சுண்ட் மேடையில் 250 மீட்டரைத் தொட்டு, அந்தத் தூரத்தை எட்டிய முதல் மனிதரானார். தங்கை நிக்கா 2025 மார்ச்சில் அதே விக்கர்சுண்டில் 236 மீட்டர் தாண்டிப் பெண்களுக்கான சாதனையைத் தம் பெயரில் எழுதிக்கொண்டார். ஒரே மாதத்தில் அண்ணனும் தங்கையும் உலகச் சாதனையாளர்கள்! எந்த வீட்டுக்குத்தான் இந்தப் பாக்கியம் கிடைக்கும்?

"பெண்களுக்கு ஏற்றதல்ல"

ஆனால் நிக்காவுக்குக் கிடைத்த மேடை, அவருக்கு முன் பிறந்த பெண்களுக்கு எளிதில் கிடைத்துவிடவில்லை.

நார்வே நாட்டில் இங்கிரிட் ஓல்ஸ்டட்டர் வெஸ்ட்பி என்ற பெண் 1862ஆம் ஆண்டிலேயே மக்கள் முன்னிலையில் தாண்டியிருக்கிறார். 1911ஆம் ஆண்டில் பவுலா லாம்பர்க் என்ற ஆஸ்திரியப் பெண், நீண்ட பாவாடை கட்டிக்கொண்டே 22 மீட்டர் தாண்டினார். 1924ஆம் ஆண்டில் பிரான்சின் ஷமோனியில் நடந்த முதல் குளிர்கால ஒலிம்பிக்கிலேயே இந்தப் போட்டி இருந்தது, ஆண்களுக்கு மட்டும்!

பிறகு பல பத்தாண்டுகள் கதவு திறக்கவில்லை. பெண்ணின் உடம்பு தாங்காது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். மருத்துவ நோக்கில் இது பெண்களுக்கு ஏற்றதாகத் தெரியவில்லை என்று அனைத்துலகப் பனிச்சறுக்குச் சம்மேளனத்தின் அன்றைய தலைவரே 2005ஆம் ஆண்டில் பேசினார். அமெரிக்காவின் லிண்ட்ஸி வான், 2010 ஒலிம்பிக்குக்காகக் கனடாவில் கட்டிய மேடையில் ஆண்களையும் மிஞ்சிய தூரம் தாண்டியிருந்தார். ஆனாலும் அந்த ஒலிம்பிக்கில் அவருக்கு இடமில்லை. பெண்கள் நீதிமன்றம் போனார்கள். இது பாகுபாடுதான் என்று 2009ஆம் ஆண்டில் ஒப்புக்கொண்ட நீதிபதி, அதைத் திருத்தத் தமக்கு அதிகாரமில்லை என்று சொல்லிவிட்டார். கடைசியில் 2014ஆம் ஆண்டில் ரஷ்யாவின் சோச்சியில்தான் பெண்கள் ஒலிம்பிக் மேடை ஏறினார்கள். ஜெர்மனியின் கரீனா வோக்ட் முதல் தங்கத்தை வென்றார். ஆண்கள் தொடங்கி 90 ஆண்டுகளுக்குப் பிறகு!

இதைக் கேட்டு என் மாணவி சிரித்தாள். "உடம்பு தாங்காதாம் சார்! எங்கள் அம்மா வாளி நிறையப் பால் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறியபோது யாரும் அப்படிச் சொல்லவில்லையே" என்றாள்.

நானும் சிரிக்க முயன்றேன். சிரிப்பு வரவில்லை.

நான் இறக்காத கை

வாசகர்களே, இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை இங்கே எழுதுகிறேன்.

என் மாணவிக்கு ஓர் அக்கா உண்டு. இருபது ஆண்டுகளுக்கு முன், நான் பயிற்சி முடித்துச் சான்றிதழோடு இந்தத் தோட்டத்துக்கு வந்த புதிதில், அந்த அக்கா எஸ்.பி.எம். தேர்வில் நல்ல தேர்ச்சி பெற்றிருந்தாள். ஜொகூரில் ஓர் அரசாங்கக் கல்லூரியில் இடம் கிடைத்துக் கடிதம் வந்தது. தகப்பனார் செம்பனைக் குலை வெட்டுகிறவர். கடிதம் நனைந்துவிடாமல் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு, வேலை உடுப்போடு மாலையில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"வாத்தியாரய்யா, நீங்க படிச்சவங்க. நீங்க என்ன சொல்றீங்களோ அதான்" என்றார்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. கடிதத்தைப் படித்தேன். "பெண் பிள்ளை, ஜொகூர் எங்கே, நம் தோட்டம் எங்கே? இங்கே பக்கத்திலேயே கூலிமில் வேலை கிடைக்கிறது. வீட்டோடு இருந்த மாதிரியும் இருக்கும்" என்றேன். அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. நல்ல புத்தி சொன்னோம் என்று நானும் நிம்மதியாகத் தூங்கினேன்.

அந்தப் பெண் அடுத்த மாதமே தொழிற்சாலை பஸ்ஸில் ஏறினாள். ஆப்பரேட்டர் வேலை, பகல் இரவு என்று மாறி மாறி சிப்ட். அவள் சம்பளத்தில் வீட்டுக்குக் குளிர்பெட்டி வந்தது. தம்பிக்கு மோட்டார் சைக்கிள் வந்தது. தங்கை பல்கலைக்கழகம் போனாள். அந்தத் தங்கைதான் வில்லாக்கில் என் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

தொழிற்சாலை வேலையை நான் தாழ்த்திச் சொல்லவில்லை. அந்த வேலைதான் நம்மை லயத்திலிருந்து வெளியே கொண்டுவந்தது. ஆனால் கட்டையில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு பிள்ளைக்கு, காற்றின் திசையைக்கூடப் பார்க்காமல், "இறங்கிப் போ" என்று சொன்னவன் நான். அந்தச் சிறுமியின் பயிற்சியாளரைப் பார்த்த நேரத்தில் எனக்கு அதுதான் உறைத்தது. காற்று சரியில்லை என்றால் தடுக்க வேண்டியதுதான்; அவரும் தடுத்தார். ஆனால் அவர் காற்றைப் பார்த்தார். நானோ அவள் பெண் என்பதை மட்டும் பார்த்தேன்.

திரும்பி வந்த பின்

ஊர் திரும்பிய வாரத்திலேயே, கூலிமில் தாமான் வீடொன்றில் குடியிருக்கும் அந்த அக்காவைப் பார்க்கப் போனேன். தங்கை கொடுத்தனுப்பிய சாக்லெட்டையும் படங்களையும் கொடுத்தேன். தேநீர் போட்டு வைத்தார். நான் சுற்றி வளைக்காமல் சொன்னேன்: "அம்மா, அன்றைக்கு உங்கள் அப்பாவிடம் நான் சொன்னது தப்பு."

அவர் சிறிது நேரம் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க போகச் சொல்லியிருந்தாலும் அப்பா அனுப்பியிருக்க மாட்டார் சார். வழிச்செலவுக்குக்கூட அப்போ காசில்ல" என்றார். பிறகு, தேநீர்க் குவளையை என் பக்கம் நகர்த்திவிட்டு, "ஆனா நீங்க சொல்லியிருக்கலாம்" என்றார்.

அதற்கு மேல் அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

அவர் மகள் ஆறாம் ஆண்டு படிக்கிறாள். விடுதியோடு கூடிய இடைநிலைப் பள்ளி ஒன்றுக்கு மனுச் செய்ய ஆசைப்படுகிறாள். பெர்லிஸ் மாநிலம். பிள்ளை இதுவரை ஓர் இரவுகூட வீட்டைவிட்டு வெளியே தங்கியதில்லையாம். தாய்க்குக் கலக்கம், கலக்கம் நியாயமானதும்கூட.

பிளானிட்சாவின் சின்ன மேடைகளைப் பற்றி அந்தப் பிள்ளைக்குச் சொன்னேன். அடுத்த விடுமுறைக்குச் சாரணர் முகாமில் இரண்டு இரவு தங்கட்டும். அதன்பின் சுங்கை பட்டாணியிலுள்ள பெரியம்மா வீட்டில் ஒரு வாரம். சனிக்கிழமைகளில் துணையோடு பஸ் ஏறி நூலகம் போய் வரட்டும். பெர்லிஸ் பள்ளியைத் தாயும் மகளும் ஒருமுறை நேரில் போய்ப் பார்த்து வரட்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். விடுதி பிடிக்காவிட்டால் வீட்டுக்குத் திரும்பி வரலாம், யாரும் கேலி செய்ய மாட்டோம் என்றும் சேர்த்துச் சொன்னேன். இறங்குகிற இடமும் சரிவாக இருக்க வேண்டும் அல்லவா?

இதைப் படிக்கும் பெற்றோர்களே, உங்கள் வீட்டுக்கும் ஒருநாள் அப்படியொரு கடிதம் வரலாம். தூரம் என்ற ஒரே காரணத்துக்காகவோ, பெண் என்ற ஒரே காரணத்துக்காகவோ அதை மடித்து வைத்துவிடாதீர்கள். கடிதம் வருவதற்கு முன்பே சின்னச் சின்ன மேடுகளில் பிள்ளையைப் பழக்குங்கள். எங்களைப் போன்ற ஆசிரியர்களிடம் யோசனை கேட்க வந்தால், "ஏன் அப்படிச் சொல்கிறீர்கள்?" என்று ஒரு வார்த்தை திருப்பிக் கேளுங்கள். நாங்களும் தவறக்கூடியவர்கள்தாம்.

விடைபெற்று எழுந்தபோது, அந்த அக்கா உள்ளே போய் மனுப்பாரத்தைக் கொண்டுவந்தார். மலாயில் நிரப்ப வேண்டிய பகுதிகளை நான் படித்துக் காட்ட, பேனாவைப் பிடித்து அவரே நிரப்பினார். தாயின் கையொப்பம் வேண்டிய இடத்துக்கு வந்ததும் சற்று நின்றார். மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு கையொப்பமிட்டார்.